காப்பர்-டி இருந்தும் நாள் தள்ளியது: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியை ஒட்டிய கிராமம் ஒன்றைச் சேர்ந்த 29 வயதுப் பெண். மூத்தது பெண், 6 வயது. இளையவன் இரண்டரை வயதுப் பையன். இரண்டும் சுகப்பிரசவம். இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு, பிரசவ மேசையிலேயே அவருக்குக் காப்பர்-டி வைத்தார்கள். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு மாத லீவில் ஊருக்கு வருவார். இந்தப் பெண் காரைக்குடியில் ஓர் ஆச்சி நடத்தும் பலகாரக் கூடத்தில் வேலை செய்கிறார். தேன்குழலும் சீப்புச் சீடையும் மணகோலமும் அங்கிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. காலையிலிருந்து மாலை வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற வேலை.

இவருக்கு வந்தது இடம் மாறிய கர்ப்பம். கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் இடது கருக்குழாயில் தங்கிவிட்டது. உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய நிலை. அறுவைச் சிகிச்சை இல்லாமல் குணமானார். மகப்பேறு மருத்துவர் எவரும் இப்படிப் பலரைப் பார்த்திருப்பார்கள், அந்த வகையில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. கருத்தடை செய்துகொண்ட பெண்ணுக்கு டெஸ்டில் இரண்டு கோடு விழுந்தால், வீட்டில் எல்லோரும் "எப்படி வந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். "எங்கே இருக்கிறது?" என்று யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வியைச் சுற்றிக்கொண்டே நாள் போய்விடுகிறது. உயிர் இருப்பதோ இரண்டாவது கேள்வியில். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது சொன்னது

ஏப்ரல் 5-ஆம் தேதி, தனியாகத்தான் வந்தார். பலகாரக் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். சேலை முந்தானையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

ஒரு வாரமாக எண்ணெய் வாசனை ஆகவில்லை, குமட்டுகிறது, மார்பு கனக்கிறது. இடது பக்க அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. ஏப்ரல் 1-லிருந்து பழுப்பு நிறத்தில் துளித்துளியாகப் படுகிறது. மறுநாள் மருந்துக் கடையில் கிட் வாங்கிப் பார்த்திருக்கிறார், இரண்டு கோடு. அந்த மூன்று நாளில் பப்பாளிக்காய், எள், கருப்பட்டி என்று யார் யாரோ எப்போதோ சொன்னதையெல்லாம் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "சூட்டு வலின்னுதான் நெனச்சேன் டாக்டரம்மா. அடுப்புல நிக்கிறோம்ல."

அப்புறம் கைப்பையைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கருக்கலைப்பு மாத்திரை அட்டை. தனியாக ஒன்று, சேர்த்து நான்கு, ஆக ஐந்து மாத்திரை. கூட வேலை பார்க்கும் ஒருவர் மூலமாக வேறொரு ஊரிலிருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். சீட்டு இல்லை, எப்படிப் போடவேண்டும் என்று சொல்லவும் ஆள் இல்லை. "இதப் போட்டா சரியாப் போயிரும்ங்குறாக. போடலாமா வேணாமான்னு கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

அந்த ஒரு கேள்வி கேட்கத் தோன்றியதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் மனசார நம்புகிறேன். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இந்த இரண்டு மருந்தும் கர்ப்பப்பைக்குள் இருக்கும் கருவைத்தான் கலைக்கும். கருக்குழாயில் இருக்கும் கருவை ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பப்பை சுருங்கும், ரத்தம் போகும், வயிறு வலிக்கும். பார்க்கிறவருக்குக் கலைந்துவிட்டது போலவே தெரியும். "முடிந்தது" என்று நிம்மதியாக அடுப்பு முன்னால் போய் நிற்பார். குழாய்க்குள் கரு வளர்ந்துகொண்டே இருக்கும். குழாய் வெடிக்கிற அன்று வருகிற வலியைக்கூட மாத்திரையின் வலி என்று எண்ணிப் படுத்துவிடக்கூடும்.

ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். கணவர் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் எதுவும் செய்யமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார், அவரோ சிங்கப்பூரில். இது இவருடைய பயம் மட்டும் இல்லை. படித்த பெண்கள்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கணவரோ, மாமியாரோ, அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கருத்தடை பலிக்காமல் போனதையே அந்தச் சட்டம் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்கிறது. 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மணமாகாத பெண்ணுக்கும் அதே காரணம் செல்லும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பெயரை ரகசியமாக வைக்கவேண்டியதும் சட்டக் கடமை. இவர் விஷயத்தில் அந்தச் சட்டத்துக்கே வேலை இல்லாமல் போனது. ஆனால் அது தெரியாததால் வந்த பயம்தான் மூன்று நாளைத் தின்றது.

கடைசியாக எப்போது?

"மார்ச் 22" என்றார் சட்டென்று. அப்படியானால் 14 நாள்தான் ஆகிறது. 11-ஆவது நாளில் டெஸ்டில் இரண்டு கோடு விழாது. எங்கேயோ கணக்கு இடிக்கிறது.

"எப்பவும் வர்ற மாதிரி வந்துச்சா?"

இல்லையாம். இரண்டு நாள், அதுவும் கறை மாதிரி. மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி பங்குனித் திருவிழா. இவருக்குப் பால்குடம் எடுக்க நேர்த்திக்கடன். மாதவிலக்கு மார்ச் 17 வாக்கில் வரவேண்டியது. அதனால் தள்ளிப்போடும் மாத்திரையை மார்ச் 13-லிருந்து ஒரு வாரம் போட்டிருக்கிறார். மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் கறை பட்டது. மாதவிலக்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் திருவிழா மாதங்களில் வரும் எந்தப் பெண்ணிடமும் இதைக் கேட்காமல் தேதியை எழுதக்கூடாது. பால்குடம், முளைப்பாரி, சாமி கும்பிடு, வீட்டில் கல்யாணம் என்றால் நாரெதிஸ்டிரோன் மாத்திரை கடையில் வாங்கிப் போடுவது சர்வசாதாரணம். நிறுத்தினால் ரத்தப்போக்கு வருவது அந்த மாத்திரையின் இயல்பு. ஆரம்பக் கர்ப்பத்திலும், குறிப்பாக இடம் மாறிய கர்ப்பத்திலும், கொஞ்சம் கறை படலாம். இரண்டும் சேர்ந்துகொண்டால் "குளிச்சாச்சு" என்று எண்ணுவதில் யார் மேலும் தப்பில்லை. அதனால் "கடைசியாக எப்போது வந்தது" என்று கேட்பதைவிட, "எப்போதும் வருகிற மாதிரி, முழுசாக, கடைசியாக வந்தது எப்போது" என்று கேட்கவேண்டும்.

அப்படிக் கேட்டபோது பதில் பிப்ரவரி 17. ஐந்து நாள், எப்போதும் போல. கணவர் ஊருக்கு வந்து இறங்கியது பிப்ரவரி 22. திரும்பிப் போனது மார்ச் 24. இந்த மூன்று தேதிகளும் பின்னால் பெரிய பிரச்சினையாக வந்து நிற்கப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

முதல் ஸ்கேன்

நாடித் துடிப்பு 88, ரத்த அழுத்தம் 110/70. மயக்கம் இல்லை. தோள்பட்டை வலி இருக்கிறதா என்று குறிப்பாகக் கேட்டேன், இல்லை என்றார். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தைத் தொட்டால் வலி தோள்பட்டை நுனியில்தான் தெரியும். வயிற்று நோவுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளி அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார். நாமாகக் கேட்டால்தான் வரும்.

காப்பர்-டியின் நூல் வெளியே தெரியவில்லை. பிரசவம் ஆனதும் வைக்கும் காப்பர்-டியில் நூல் சுருண்டு மேலேயே நின்றுவிடுவது உண்டு. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரப் பரிசோதனைக்கு இவர் போகவில்லை; கைக்குழந்தைக்கு அப்போது உடம்பு சரியில்லை. காப்பர்-டி எப்போதோ தானாக விழுந்திருக்கும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிரசவத்தின்போது வைப்பது, சாதாரண நாளில் வைப்பதைவிட விழுவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆனால் கீழ்வழி ஸ்கேனில் காப்பர்-டி கர்ப்பப்பையின் உச்சியில், எங்கே இருக்கவேண்டுமோ அங்கேயே பளிச்சென்று தெரிந்தது. கர்ப்பப்பைக்குள் வேறு ஒன்றும் இல்லை. கருவைச் சுற்றியிருக்கும் பையும் இல்லை, கருவும் இல்லை. இடது சூலகத்துக்குப் பக்கத்தில் தெளிவாக எதையும் சொல்ல முடியவில்லை. வயிற்றில் நீர் கோக்கவில்லை.

கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை அன்று மாலையே வந்தது: 1,860. ஹீமோகுளோபின் 9.6. ரத்த வகை ஓ பாசிட்டிவ். நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கப் போடும் ஆன்டி-டி ஊசியும் யோசித்திருக்க வேண்டும்.

இந்த அளவில் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. 1,860 என்பது கர்ப்பப்பைக்குள் இருக்கும் நல்ல கர்ப்பத்தில்கூட ஸ்கேனில் தெரியாமல் இருக்கக்கூடிய எல்லையில்தான் இருக்கிறது. 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் போக்குத் தெரியும். அவரிடம் இதை அப்படியே சொன்னேன். மாத்திரை அட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். தலை சுற்றினாலோ, வலி கூடினாலோ, தோள் வலித்தாலோ, எந்த நேரமானாலும் 108-க்குப் போன் செய்து வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

காப்பர்-டி இருக்கும்போது எப்படி?

இந்தக் கேள்வியை அவரும் கேட்டார், பின்னால் அவர் குடும்பத்தில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. "அது உள்ளயே இருக்கே, அப்புறம் எப்படி?"

எந்தக் கருத்தடையும் நூற்றுக்கு நூறு இல்லை. அரசு மருத்துவமனைகளில் வைக்கும் 380ஏ வகைக் காப்பர்-டி மிக நல்ல கருத்தடைகளில் ஒன்று. அதை வைத்துக்கொண்ட 1,000 பெண்களில் முதல் வருடத்தில் சுமார் 8 பேர் கர்ப்பமாகக்கூடும். தாமிரம் விந்தணுவை முடக்கிக் கருத்தரிக்கவிடாமல் செய்கிறது. அதையும் தாண்டிக் கருத்தரித்தால் கர்ப்பப்பையில் தங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் கருக்குழாய்க்குள் தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் காப்பர்-டி இருக்கும்போது வரும் அபூர்வமான கர்ப்பங்களில், இடம் மாறியவற்றின் பங்கு மற்றக் கர்ப்பங்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இதைக் கேட்டதும் பலர் "அப்ப காப்பர்-டியாலதான் ட்யூப்ல கரு வருது" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தக் கருத்தடையும் இல்லாமல் இருக்கும் 1,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 850 பேர் கர்ப்பமாவார்கள். பொதுவாக நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இடம் மாறும். எனவே எட்டுப் பேருக்குக் குறையாமல் கருக்குழாயில் கரு இருக்கும். காப்பர்-டி உள்ள 1,000 பேரில் கர்ப்பமாவதே எட்டுப் பேர். அதில் ஒருவருக்குக் குழாயில் தங்கினால்கூட, ஒருவர்தான். காப்பர்-டி ஆபத்தைக் குறைக்கிறது. ஆனால் அதையும் மீறி நாள் தள்ளினால், குழாயை முதலில் சந்தேகப்பட வேண்டும். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் செய்துகொண்ட கருத்தடை அதுதான். அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 1996-இல் வெளியானது. அதில் 143 பேர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கர்ப்பமானார்கள். அந்த 143-இல் 47 கருக்குழாயில். மூன்றில் ஒன்று. "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிருச்சே" என்று நாள் தள்ளியதை இரண்டு மாதம் கண்டுகொள்ளாமல் இருக்கும் அம்மாக்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

வாரக் கணக்கு

ஏப்ரல் 7-ஆம் தேதி மாமியாரோடு வந்தார். இரண்டு நாளில் முகமே மாறியிருந்தது. வலியால் இல்லை. மாமியார் வெளியே பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருந்தார்; இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

நடந்தது இதுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டின் மேல் வரியில், கடைசி மாதவிலக்குப்படி 6 வாரம் 5 நாள் என்று அச்சாகியிருந்தது. நாத்தனார் அதைப் பார்த்து, காலண்டரில் பின்னோக்கி எண்ணியிருக்கிறார். பிப்ரவரி 17-இல் போய் நின்றது. அண்ணன் வந்து இறங்கியதோ பிப்ரவரி 22. ரிப்போர்ட்டின் படம் அன்று இரவே சிங்கப்பூருக்குப் போய்விட்டது. இரண்டு நாளாகக் கணவரிடமிருந்து போன் இல்லை. காப்பர்-டி வேறு உள்ளே சரியாக இருக்கிறது என்று அதே ரிப்போர்ட் சொல்கிறது. அந்த இரண்டு வரியை வைத்து ஒரு பெண்ணின் மானத்தையே கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. முதலில் அவரைத் தனியாக அழைத்து, "உங்க அயித்தைகிட்ட நான் பேசலாமா? நீங்க சரின்னாத்தான்" என்று கேட்டேன். தலையசைத்தார். அப்புறம் மாமியாரை உள்ளே கூப்பிட்டு, சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

கர்ப்பத்தின் வயதை நாங்கள் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. அந்த நாள் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால் தெரிந்த நாளிலிருந்து, அதாவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குச் சினைமுட்டை வெளியாவது ஏறக்குறைய 14-ஆவது நாள். ஆக, முதல் இரண்டு வாரம் வயிற்றில் கரு என்று ஒன்றுமே இருக்காது. பிப்ரவரி 17-ஐப் பேனாவால் வட்டமிட்டேன். 22-ஐ வட்டமிட்டு "உங்க மகன் வந்த நாள்" என்றேன். மார்ச் 3-ஐ வட்டமிட்டு, "கரு உண்டாகியிருந்தா இந்த நாளையொட்டித்தான் உண்டாகியிருக்கும்" என்றேன். 22-க்கும் 3-க்கும் நடுவில் மகன் வீட்டில் இருந்த நாட்களை அவரே விரல் வைத்து எண்ணினார்.

கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த மொத ரெண்டு வாரம் வயித்துல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லை அம்மா."

"இல்லாத புள்ளைக்கு எதுக்கும்மா வயசு போடுறீக?"

என்னிடம் நல்ல பதில் இல்லை. மருத்துவ உலகம் முழுக்க ஒரே மாதிரி எண்ணவேண்டும் என்பதற்காக வந்த வழக்கம் என்று சொன்னேன். அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நிறைந்த இந்தச் சீமையில், அந்த இரண்டு வாரத்தை விளக்காமல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது ஆபத்து. அன்றிலிருந்து எங்கள் மருத்துவமனையில், கர்ப்ப வாரம் எழுதிய எந்தத் தாளையும் பெண்ணின் கையில் மட்டும்தான் கொடுக்கிறோம். வாய்விட்டு ஒரு தடவை விளக்கியும் சொல்கிறோம்.

மாமியார் வெளியே போய் மகனுக்குத் தானே போன் போட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மருந்தா, அறுவைச் சிகிச்சையா

அன்றைய எச்சிஜி 2,210. 48 மணி நேரத்தில் 19 சதவீதம்தான் கூடியிருக்கிறது. இந்த அளவில் தொடங்கும் நல்ல கர்ப்பத்தில் சுமார் 40 சதவீதமாவது கூடவேண்டும். ஸ்கேனிலும் இப்போது தெளிவாகத் தெரிந்தது: இடது சூலகத்துக்குப் பக்கத்தில், அதோடு ஒட்டாமல், 2.1 சென்டிமீட்டரில் வளையம் போன்ற ஒரு கட்டி. இதயத் துடிப்பு இல்லை. வயிற்றில் ரத்தம் இல்லை.

கட்டி மூன்றரை சென்டிமீட்டருக்குக் குறைவு, எச்சிஜி 5,000-க்குக் குறைவு, துடிப்பு இல்லை, நோயாளி நிலையாக இருக்கிறார். மெத்தோட்ரெக்ஸேட் ஊசிக்கு ஏற்றவர். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் சரியாக இருந்தன. வேகமாகப் பெருகும் செல்களை நிறுத்தும் மருந்து அது. கரு வளர்வது நின்று, உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் பலன் தரும். ஆனால் மீதி ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது. ஊசி போட்ட பிறகும் குழாய் வெடிக்கலாம்.

என்னைத் தயங்க வைத்தது எண்கள் இல்லை, ஊர்தான். இவர் கிராமத்துக்குக் கடைசி பஸ் இரவு எட்டரைக்கு. அதற்குப் பிறகு ஏதாவது என்றால்? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காரைக்குடியிலிருந்தே ஒரு மணி நேரம் ஆகும். ராத்திரியில் அழைத்துவர ஆள் இல்லாத பெண்ணுக்கு மருந்து சிகிச்சை சரியான சிகிச்சை இல்லை என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்டவருக்குச் சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சைதான் பாதுகாப்பு. இதைச் சொன்னதும் மாமியார் பலகாரக் கூடத்து ஆச்சிக்குப் போன் செய்தார். ஆச்சி யோசிக்கவே இல்லை. "இரண்டாங்கட்டுல ரூம் சும்மாத்தானே கெடக்கு, வந்து இருக்கச் சொல்லுங்க" என்றாராம். மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம். அதன் பிறகுதான் ஊசி போட்டேன். எடையும் உயரமும் பார்த்துக் கணக்கிட்டு 75 மில்லிகிராம்.

சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். ரத்தச் சோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் இருக்கும். அது மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலையைக் கெடுக்கும். "புள்ள வெளிறிப் போயிருக்கா" என்று யாராவது அன்போடு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் மாமியாரிடமும் சொன்னேன். வலிக்குப் பாராசிட்டமால் தவிர வேறு மாத்திரை கூடாது. வெயிலில் அலையக்கூடாது. அடுப்படி வேலை கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

நான்காம் நாள் எச்சிஜி 2,640. கூடியிருக்கிறதே என்று பயந்துவிட்டார். இந்த மருந்தில் நான்காம் நாள் கூடுவது வழக்கம்தான். நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் 15 சதவீதமாவது குறைகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஆறாம் நாள் இரவு பதினொரு மணிக்கு ஆச்சி வீட்டிலிருந்து போன். இடது பக்கம் சுருட்டிப் பிடித்த மாதிரி வலி. மாமியாரும் ஆச்சியும் இரண்டு பக்கமும் தாங்கி அழைத்து வந்தார்கள். கரு கரையத் தொடங்கும்போது இப்படி வலிப்பது உண்டு. குழாய் வெடித்தாலும் வலிக்கும். வலியை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நாடித் துடிப்பு 92, அழுத்தம் இறங்கவில்லை, வெளிறவில்லை, ஸ்கேனில் வயிற்றுக்குள் ரத்தம் இல்லை. இருந்தாலும் அனுப்பவில்லை. ரத்தத்துக்குச் சொல்லி வைத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை நாடியும் அழுத்தமும் பார்த்தோம். மூன்று மணிக்கு மேல் வலி தணிந்தது. விடியும்போது ஹீமோகுளோபினும் இறங்கவில்லை. தமிழ்ப் புத்தாண்டுக்கு முதல் நாள் அது. அன்றைய எச்சிஜி 1,980. நான்காம் நாளிலிருந்து கால் பங்கு குறைந்திருந்தது. இரண்டாவது ஊசி தேவைப்படவில்லை.

அதன் பிறகு வாரம் ஒரு பரிசோதனை: 1,020, 430, 140, 38. மே 18-இல் 5-க்குக் கீழ். ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர், அவர்கள் வாயில் நர்சம்மா, ஒவ்வொரு வாரமும் பரிசோதனைக்குக் கிளப்பி அனுப்பினார். எண் பாதி குறைந்ததும் வருவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எச்சிஜி இறங்கிக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்தவர்களும் உண்டு. கடைசிப் பரிசோதனை வரை வரவேண்டும்.

கர்ப்பப்பைக்குள் இருந்திருந்தால்

காப்பர்-டி இருக்கும் கர்ப்பம் எல்லாம் குழாயில்தான் இருக்கும் என்பதில்லை; பெரும்பாலானவை கர்ப்பப்பைக்குள்தான். அப்படி இருந்து, பெண்ணுக்குத் தொடர விருப்பம் என்றால், நூல் தெரியும் நிலையில் முதல் மாதங்களிலேயே காப்பர்-டியை எடுத்துவிட வேண்டும். எடுப்பதிலேயே கரு கலையக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. எடுக்காமல் விட்டால் கருச்சிதைவு, கிருமித் தொற்று, குறைப்பிரசவம் ஆகியவற்றுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். குழந்தைக்கு அதனால் ஊனம் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. தொடர விருப்பமில்லை என்றால் மேலே சொன்ன சட்டம் இருக்கிறது. 9 வாரம் வரை மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையாலேயே முடியும், காப்பர்-டியை முதலில் எடுத்துவிட்டு.

அப்புறம்

எச்சிஜி இறங்கியதும் காப்பர்-டியை எடுத்துவிடச் சொன்னார். அது ஒருமுறை தவறியதால் மறுபடி தவறும் என்றில்லை, விட்டு வைப்பதில் தப்பில்லை என்று விளக்கினேன். "நம்பிக்கை போயிருச்சு டாக்டரம்மா" என்றார். நம்பிக்கை இல்லாத ஒன்றை உடம்புக்குள் வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நூல் தெரியாததால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுத்தோம்.

மாமியார் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அந்தப் பெண் முதல் தடவையாக மாமியார் முன்னால் நிமிர்ந்து பேசியதை அன்றுதான் கேட்டேன்: "அவுக வரட்டும் அயித்தை. அவுகளும் பண்ணிக்கிடலாம்ல, ஆம்பளைக்கும் இருக்காம்ல." இருக்கிறது. கத்தியில்லா ஆண் கருத்தடை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. செய்த பிறகு மூன்று மாதம் வரை வேறு கருத்தடையும் வேண்டும், விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஒரு மாத லீவில் வருகிறவருக்கு அந்த மூன்று மாதம் வெளிநாட்டிலேயே கழிந்துவிடும் என்பது ஒரு வசதி. கணவரிடம் போனில் இதைச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

அதுவரைக்கும் அந்தரா என்ற கருத்தடை ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று, அரசு மருத்துவமனையில் இலவசம். ரத்தப்போக்கைக் குறைப்பதால் இவருடைய சோகைக்கும் நல்லது. ஆனால் அந்த ஊசியில் மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். நாள் தள்ளுவதை வைத்து எதையும் கண்டுகொள்ள முடியாது. ஒருமுறை குழாயில் கரு தங்கியவருக்கு மறுபடி அப்படி ஆகும் வாய்ப்பு பத்தில் ஒன்று. அதனால் அவருடைய சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: குமட்டல், மார்புக் கனம், ஒரு பக்க வயிற்று வலி, எது வந்தாலும் அன்றே டெஸ்ட்; இரண்டு கோடு விழுந்தால் எந்த மாத்திரையும் போடாமல் உடனே ஸ்கேன். சீட்டின் படத்தைக் கணவரும் போனில் வைத்திருக்கிறார். பலகாரக் கூடத்தில் கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் அப்படி ஒன்று எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். இருவருமே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள். எழுதிக் கொடுத்தேன்.